தாத்தாவின் டிவி பெட்டிக்குள்ளே வீடியோ டேப் ரிக்கார்டர்: 117 வோல்ட், 60 சைக்கிள். ரங்கூனில் எப்படி ஓட்டுவது?

தாம்வே பேரன் (யாங்கோன்)

எல்லாருக்கும் வணக்கம். தாம்வேயில இருக்கிற எங்க பழைய மரவீட்டைப் பிரிச்சுக்கிட்டிருக்கோம். பரண்மேல சாக்கு சுத்தி ஒரு பெட்டி கிடந்தது. தூக்கலாம், ஆனா ரெண்டு நாளைக்கு முதுகு பிடிச்சுக்கும். மரக்கூடு. ஒரு சின்ன டிவி, குறுக்கே அளந்தா 9 அங்குலம். அதோட சேர்ந்தே ரெண்டு ரீல் வைக்கிற மேடை. நடுவுல சாய்வா ஒரு வெள்ளி உருளை. சோனின்னு எழுதியிருக்கு. பின்னாடி தகட்டுல 117 வோல்ட், 60 சைக்கிள். கூடவே டப்பாவோட ரெண்டு ரீல். நாடா அரை அங்குல அகலம்.

தாத்தா ஒரு வெளிநாட்டு ஆபீசருக்கு டிரைவரா இருந்தவர். துரை ஊருக்குத் திரும்பும்போது "நீ ரொம்ப நல்லவன்"னு சொல்லி இதைச் சும்மா கொடுத்துட்டுப் போனாருன்னு தாத்தா சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார். நாங்க அதை ஏதோ ரேடியோன்னு நினைச்சிருந்தோம்.

ஒரு ரீல் டப்பாவுல தாத்தா கையெழுத்துல "வளைகாப்பு"ன்னு இருக்கு. இன்னொண்ணுல எழுத்து அழிஞ்சு போச்சு. எங்க அப்பா பிறந்தது 1968. அப்பத்தாவுக்கு அது ஒரே வளைகாப்பு, ஒரே பிள்ளை.

எனக்குப் புரியாதது இதுதான். பர்மாவுல டிவியே 1980லதான் வந்தது. அதுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாடி வீட்டுல வீடியோ எடுக்க முடியுமா? என் மச்சான் வேற நெட்டுல தேடிட்டு "இது 30,000 டாலர் பெட்டிடா, வீடு கட்டுற காசு வந்துடும்"ங்கிறான். டேப்பைப் பக்கத்துத் தெரு சவுண்டு சர்வீஸ்காரர்கிட்ட கொண்டு போனேன். அவரோட ஸ்பூல் மெஷின் கால் அங்குல நாடாவுக்காம், இது உள்ளேயே போகலை. சுவத்துல செருகிப் பார்க்கலாமா? யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பர்மா பஜார் மூணாவது தலைமுறை (சென்னை)

நம்ம ஆளு! எங்க தாத்தா 1969ல பீச் ஸ்டேஷன் எதிர்ல கடை போட்ட கூட்டத்துல ஒருத்தர். 80கள்ல எங்க கடையில விசிஆர் வாங்கறதுக்கு ஜனம் வரிசை கட்டும், அப்பா சொல்வாரு. போட்டோவைப் பார்த்தா யு-மேட்டிக் மாதிரி தெரியுது. விக்கிற ஐடியா இருந்தா எனக்கு முதல்ல சொல்லுங்க பாஸ். ஓடலைன்னாலும் பரவாயில்லை, ஷோரூம்ல வைக்க ஆள் இருக்கு. அத்தோ நூடுல்ஸ் ஒரு பிளேட் நம்ம செலவு.

மௌல்மீன் ரேடியோக்காரர்

தம்பி, முதல்ல ஒண்ணு: செருகாதே. பிளக்கை எடுத்து அலமாரியில வச்சுப் பூட்டிட்டு மேலே படி.

பஜார் தம்பிக்கு: யு-மேட்டிக் 1971ல வந்தது, முக்கால் அங்குல நாடா, காசெட். இது திறந்த ரீல், அரை அங்குலம். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. படத்தைப் பார்த்தா சோனி சிவி-2000 குடும்பம், 1965. வீட்டுக்காரன் வாங்கட்டும்னு சோனி செஞ்ச முதல் வீடியோ ரிக்கார்டர் அதுதான். அதையே சின்ன டிவியோட மரக்கூட்டுல அடைச்சு டிசிவி-2010னு வித்தாங்க. உன்கிட்ட இருக்கிறது அதுவாத்தான் இருக்கணும். மைக்கும் காமிராவும் தனியா வாங்கி மாட்டிக்கணும். டிவி நிலையம் இல்லாத ஊர்ல இதை வச்சு என்ன செய்வாங்கன்னு கேட்டியே, இதைத்தான் செய்வாங்க. காமிராவை ஒயரால பெட்டியில சொருகி, வீட்டுல நடக்கிறதை எடுத்து, அங்கேயே போட்டுப் பார்க்கிறது. அதுக்கு ஸ்டேஷன் எதுக்கு?

உன் மச்சான் பார்த்தது ஆம்பெக்ஸ் சிக்னேச்சர். 1963ல நீமன் மார்கஸ்ங்கிற அமெரிக்கக் கடையோட கிறிஸ்துமஸ் புத்தகத்துல வந்தது. டிவி, ரேடியோ, ரெக்கார்டு, வீடியோ எல்லாம் ஒரே கூட்டுக்குள்ள. ஒன்பது அடி நீளம். விலை 30,000 டாலர்ங்கிறது நிஜம்தான். ஆனா அதைப் பரண்மேல ஏத்தியிருந்தா உங்க வீட்டைப் பிரிக்க ஆள் கூப்பிட வேண்டிய வேலையே இருந்திருக்காது, அதுவே பிரிச்சிருக்கும்.

இந்த சோனி ஒரு தந்திரம் பண்ணும், அதையும் தெரிஞ்சுக்கோ. டிவி படம் ஒவ்வொண்ணும் ரெண்டு பாதியா வரும். ஒத்தைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை. சிவி மெஷின் முதல் பாதியை மட்டும் நாடாவுல எழுதும், மத்ததை விட்டுடும். ஓட்டும்போது எழுதின பாதியையே ரெண்டு தடவை காட்டும். கோலத்துல ஒரு வரி போட்டு ஒரு வரி விட்ட மாதிரி. நாடா மிச்சம், ஏழு அங்குல ரீல்ல ஒரு மணி நேரம் ஓடும். படம் கொஞ்சம் ரம்பப்பல்லாத் தெரியும், ஆள் வேகமாத் திரும்பினா உதறும். இதனால வர்ற தொல்லை என்னன்னா, 1969ல இஐஏஜேன்னு பொது அளவு வந்து எல்லாக் கம்பெனியும் அரை அங்குல ரீல் மெஷின் செஞ்சாங்க. அதே ரீல், அதே அகலம். ஆனா இந்த டேப் அதுல படம் காட்டாது. அதனால இந்தப் பெட்டிதான் உனக்குச் சாவி. ஷோகேஸுக்குக் கொடுத்துட்டா டேப்பை வச்சுத் தோரணம்தான் கட்டணும்.

இப்போ கரண்டு விஷயம். 230ஐ 117 ஆக்க ஸ்டெப்-டவுன் வச்சா போதும்னு எல்லாரும் சொல்வாங்க. போதாது. இதுல இருக்கிறது ஏசி மோட்டார். வோல்ட்டைப் பார்த்து ஓடாது, சைக்கிளைப் பார்த்து ஓடும். சைக்கிள்னா கரண்டு செகண்டுக்கு எத்தனை தடவை ஏறி இறங்குதுங்கிற கணக்கு. படத்தலை, அதாவது நாடாவுல படத்தை எழுதிப் படிக்கிற முனை, இருக்கிற உருளை நிமிஷத்துக்கு 1,800 சுத்து சுத்தணும். நம்ம 50 சைக்கிள்ல அது 1,500தான் வரும். பிரேக் பிடிச்சுத்தான் இதுல வேகத்தைச் சரிக்கட்டுறாங்க. குறைஞ்ச வேகத்தை பிரேக் போட்டு ஏத்த முடியுமா? படம் நிக்கவே நிக்காது.

நான் நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இந்த நாட்டுல வீடியோவுல வந்த தொந்தரவுல பாதி இந்தப் பத்து சைக்கிளால வந்தது. பக்கத்துல இந்தியா, தாய்லாந்து, சிங்கப்பூர் எல்லாம் பால் (PAL)ங்கிற டிவி முறை, 50. நமக்கு மட்டும் என்டிஎஸ்சிங்கிற அமெரிக்க முறை, 60. சுவத்துக் கரண்டோ 50. சிங்கப்பூர்லேருந்து கப்பல்காரங்க கொண்டு வர்ற தமிழ்ப் பட காசெட்டைப் போட்டா படம் மேலே மேலே உருண்டுக்கிட்டே போகும். பின்னாடி கையை விட்டு வெர்ட்டிகல் ஹோல்டைத் திருகிப் பிடிச்சு நிறுத்தினா கலர் போயிடும். எங்க தெருவுல ஒரு தலைமுறைப் பிள்ளைங்க எம்ஜிஆரையும் ரஜினியையும் கறுப்பு வெள்ளையாத்தான் பார்த்து வளர்ந்துச்சு. எல்லா சிஸ்டமும் ஓட்டுற டெக் வந்த பிறகுதான் சட்டை என்ன நிறம்னே தெரிஞ்சது. அந்த டெக் ஒண்ணை 1987 செப்டம்பர்ல ஒரு வெள்ளிக்கிழமை வித்தேன். முழுசும் 75 கியாட் நோட்டு. மறுநாள் 5ஆம் தேதி, சனிக்கிழமை, 25, 35, 75 நோட்டெல்லாம் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. வாங்கினவன் வீட்டுல டெக் ஓடிச்சு. என் வீட்டுல என் பொண்ணு அந்த நோட்டை வச்சுக் கடை விளையாட்டு விளையாடினா. போகட்டும்.

உனக்கு இப்போ ஒரு வசதி இருக்கு, எங்களுக்கு அப்போ இல்லாதது. ரங்கூன்ல கரண்டு இருக்கிற நேரத்தை விட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி, அதனால வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். அதுல நிறைய மாடல்ல 50, 60ன்னு மாத்திக்கலாம். ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரா எடு, மலிவானதுல மோட்டார் உறுமும். 60ல வை. அதுக்கு அப்புறம் ஒரு 100 வாட் குண்டு பல்பு, சீரிஸ்ல, அதாவது கரண்டு பல்பு வழியாத்தான் பெட்டிக்குப் போற மாதிரி. அதுக்கு அப்புறம் ஸ்டெப்-டவுன். பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா உள்ளே எங்கேயோ ஷார்ட், உடனே நிறுத்து. மங்கினா நல்லது.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி பெட்டியைத் திற. பெல்ட்டு தாரா உருகியிருக்கும். அதைத் தொட்ட கையால வேற எதையும் தொடாதே, பத்து நாளைக்குப் போகாது.

திருச்சி பர்மா காலனி அக்கா

ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டு ரேடியோகிராம் ஞாபகம் வந்துவிட்டது. நான் பார்த்ததில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். மொகல் தெரு வீட்டில் முன்னறையில் பெட்டி மாதிரி இருக்குமாம். மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் ரெக்கார்டு சுழல்கிற தட்டு, மறுபக்கம் ரேடியோ. மாலையில் இலங்கை வானொலி பிடிக்கும்போது மாடிப்படி முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்களாம். 1964ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பல் ஏறினார்கள். துறைமுகத்தில் தங்கம் எதையும் விடவில்லை. அம்மாவின் காதில் இருந்ததைக் கழற்றி அடுத்த வீட்டு பர்மியப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தார். ரேடியோகிராமையும் அவளிடமே. தோடு போனதைவிட அந்தப் பெட்டி போனதைத்தான் அப்பா அதிகம் சொல்வார். அம்மாவுக்கு அதில் கடைசிவரை கோபம்.

தம்பிக்கு ஒரு யோசனை. நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள், ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறோம். ரீலின் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி அல்லது பூ மாதிரி இருந்தால் பூஞ்சணம். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அப்படியே ஓட்டினால் தலையெல்லாம் அடைத்துக்கொள்ளும், நல்ல நாடாவுக்கும் பரவும். யூடியூபில் நாடாவை அடுப்பில் வைத்துச் சூடாக்குவார்கள், அதைப் பார்த்துச் செய்யாதீர்கள். அது பிசுபிசுப்பாகிவிட்ட சில வகை நாடாவுக்கு மட்டும் செய்கிற வைத்தியம். எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே கஷாயம் ஆகாது.

தாம்வே பேரன்

அக்கா, ஐயா, ரெண்டு பேருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. திறந்தேன். பெல்ட்டு நிஜமாவே தார். ஸ்பிரிட்டும் பஞ்சும் வச்சு ரெண்டு சாயங்காலம் துடைச்சேன். என் மனைவி இன்னும் அந்தக் கைலியைத் துவைக்க மாட்டேங்கிறா. நூல் வச்சு அளவெடுத்து, பேங்காக் போறவர்கிட்ட சொல்லிப் புது பெல்ட்டு வந்துடுச்சு. வீங்கியிருந்த கண்டென்சரையெல்லாம் நம்ம தெரு ஆளு மாத்திக் கொடுத்தார். "வளைகாப்பு" ரீல் சுத்தமா இருக்கு. எழுத்து அழிஞ்சதுல அக்கா சொன்ன வெள்ளைப் பூ. தனியா வச்சுட்டேன்.

இன்வெர்ட்டரை 60ல வச்சாச்சு. இன்னைக்கு ராத்திரி ஓட்டலாம்னு இருக்கேன். ஒரே ஒரு சந்தேகம். மோட்டார்ல பெல்ட்டு மாட்டுற சக்கரம், அந்தப் புல்லி மட்டும் மத்த பாகம் மாதிரி இல்லை. பித்தளை. ஓரத்துல அரம் போட்ட கோடு தெரியுது. அது பரவாயில்லையா?

மௌல்மீன் ரேடியோக்காரர்

ஓட்டாதே! இன்னைக்கு ராத்திரி ஓட்டாதே. புல்லியை அளந்து சொல்லு. பெட்டியோட வந்த டப்பா, டின்னு எதையும் தூக்கிப் போடலையே?

தாம்வே பேரன்

போடலை ஐயா. பித்தளைப் புல்லி 24 மில்லிமீட்டர். நீங்க கேட்ட பிறகு தேடினேன், ஒரு மூக்குப்பொடி டின்னுக்குள்ள இன்னொரு புல்லி இருந்தது, துணியில முடிஞ்சு. அது 20 மில்லிமீட்டர்.

மௌல்மீன் ரேடியோக்காரர்

அப்படிச் சொல்லு. 20க்கு 24, அஞ்சுக்கு ஆறு. 50க்கு 60ம் அதே கணக்குதான். மோட்டார் மெதுவாச் சுத்துதேன்னு புல்லியைப் பெரிசாக் கடைஞ்சு போட்டிருக்காங்க. உங்க தாத்தா போட்டாரோ துரை ஆள் வச்சுப் போட்டாரோ, பெட்டி 50 சைக்கிளுக்கு எப்பவோ மாறிடுச்சு. நீ 60ல ஓட்டியிருந்தா உருளை 1,800க்குப் பதிலா 2,160 சுத்தியிருக்கும். ஐம்பது வருஷ நாடா அதைத் தாங்கியிருக்குமோ என்னமோ.

தப்பு என்னோடது. நானே ஸ்பூல் மெஷினுக்கு எத்தனையோ புல்லி கடைஞ்சிருக்கேன், முதல்லயே "புல்லியைப் பாரு"ன்னு சொல்லியிருக்கணும். பேச்சு வாக்குல 75 கியாட் கதைக்குப் போயிட்டேன்.

பித்தளையை அப்படியே விடு. சுவத்துக் கரண்டு, இல்லேன்னா இன்வெர்ட்டர் 50ல. சீரிஸ்ல பல்பு. ஸ்டெப்-டவுன். முதல்ல டேப் இல்லாம அரை மணி நேரம் ஓட விடு. அப்புறம் தேவையில்லாத நாடா ஏதாவது இருந்தா அதை மாட்டி இழுக்குதான்னு பாரு. அதுக்கு அப்புறம்தான் வளைகாப்பு. டிவி திரையை உன் போன்ல படம் பிடிச்சுக்கோ, முதல் தடவையே. ரெண்டாவது தடவை ஓடும்னு நம்பாதே.

பர்மா பஜார் மூணாவது தலைமுறை

ஐயா ஒரு லெவல். நான் விலை பேசறதை நிறுத்திட்டேன். ஓடிச்சுன்னா வீடியோ போடுங்க பாஸ்.

தாம்வே பேரன்

ஓடிச்சு.

மொத்தம் 22 நிமிஷம். முதல் நாலு நிமிஷம் வெறும் கொசு மொய்க்கிற மாதிரி. தலையைத் துடைச்சு மறுபடி போட்டேன். ஒரு ஜன்னல், அதுக்குப் பக்கத்துல மணை. வெளிச்சத்துக்காக அங்கே உட்கார வச்சிருக்காங்க போல. அப்பத்தா. இருபத்து ரெண்டு வயசு இருக்கும். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் வளையல், யாரோ ஒரு பாட்டி கன்னத்துல சந்தனம் தடவுறாங்க. திரும்பும்போதெல்லாம் படம் உதறுது, ஐயா சொன்ன மாதிரியே. சத்தம் இருக்கு. ஆனா யாரும் அப்பத்தாகிட்டப் பேசலை, எல்லாரும் காமிராவையே பார்த்துக்கிட்டு "இது எங்கே தெரியும், எங்கே தெரியும்"னு கேட்டுக்கிட்டிருக்காங்க. தாத்தா ஒரு தடவைகூட வரலை. காமிரா அவர் கையில இருந்திருக்கும்.

அப்பத்தாவைக் கூட்டி வந்து காட்டினோம். எங்க அப்பாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்பத்தா கலங்கலை. திரைக்குக் கிட்டப் போய், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, தன்னோட காதையே பார்த்தாங்க. ஏழுகல் தோடு. "இருக்கே"ன்னாங்க. எதுன்னு கேட்டோம். இந்த வளைகாப்புக்குத் துரை பெட்டியை ரெண்டு நாள் இரவல்தான் கொடுத்தாராம். மறு வருஷம் ஊருக்குப் போகும்போது சாமான் சட்டியெல்லாம் விலைக்குப் போட்டாராம். "சும்மா கொடுத்தானாமா? இந்தத் தோட்டை வித்துத்தான் உங்க தாத்தன் அந்தப் பெட்டியை வாங்கினான். ஊரெல்லாம் சும்மா கொடுத்தான், சும்மா கொடுத்தான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். நானும் வாயைத் தொறக்கலை."

அப்புறம் மறுபடி போடச் சொன்னாங்க. ஐயா சொன்னதை மீறி மூணு தடவை ஓட்டிட்டேன், மன்னிக்கணும். மூணு தடவையும் தோடு வர்ற இடத்துல நிறுத்தச் சொன்னாங்க. இந்த மெஷின்ல நிறுத்தினா படம் கோடு கோடாப் போயிடுது.

பூஞ்சணம் பிடிச்ச ரெண்டாவது ரீலை என்ன செய்யலாம்? வெயில்ல காய வைக்கலாமா?

திருச்சி பர்மா காலனி அக்கா

வெயிலில் வேண்டவே வேண்டாம், நாடா நெளிந்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் சில வாரம் வையுங்கள். பொடி நன்றாக உலர்ந்த பிறகு, வெளியே காற்றோட்டமான இடத்தில் மென்மையான துணியால். மூக்கில் துணி கட்டிக்கொண்டு. அப்பத்தாவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்கள். அந்தத் தோடு தெரிகிற இடத்தை போனில் எடுத்திருந்தால் எனக்கும் அனுப்புங்கள், அம்மாவிடம் காட்ட வேண்டும்.

மௌல்மீன் ரேடியோக்காரர்

மூணு தடவையா? சரி, விடு. ஒவ்வொரு தடவையும் தலையைத் துடைச்சியா?